பழியெல்லாம் எட்டுக்காலுக்கு!

அம்பத்தூரில் ஆரம்பித்து ஆவடி, பூந்தமல்லி வரைக்கும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நின்று, "கையில ஏதோ தடிப்பா இருக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். கீரை விற்கிற ஆயா, இஸ்திரி வண்டிக்காரர், ரேஷன் கடை க்யூவில் நிற்பவர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்... எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்.

"எட்டுக்கால் பூச்சி ஏறியிருக்கும்!"

கன்னத்தில் கோடு போட்ட மாதிரி எரிச்சலா? எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிருக்கும். முதுகில் கொத்துக் கொத்தாய்க் கொப்புளமா? எட்டுக்கால் பூச்சி. காலில் கட்டி பழுத்திருக்கிறதா? எட்டுக்கால் பூச்சி. காலையில் எழுந்து பார்த்தால் விரலில் சின்னதாக ஒரு புள்ளியா? சந்தேகமென்ன, அதேதான். சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. தீர்ப்பு மட்டும் உடனே!

நான் பி.காம். படித்தவன். கணக்குப் பதிவியலில் 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு சமாசாரம் உண்டு. டிரயல் பாலன்ஸ் இரண்டு பக்கமும் டாலி ஆகவில்லையா? முன்னூற்று நாற்பது ரூபாய் உதைக்கிறதா? அதைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு நிம்மதியாக டிபன் சாப்பிடப் போகலாம். எங்கள் புரொபசர் மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொல்வார்: "தம்பி, அது தற்காலிக ஏற்பாடு. அப்படியே விட்டீன்னா, திருடன் அங்கதான் ஒளிஞ்சிருப்பான்."

நம் வீடுகளில் எட்டுக்கால் பூச்சிதான் சஸ்பென்ஸ் அக்கவுண்ட். புரியாததையெல்லாம் அதன் தலையில் எழுதிவிடுகிறோம். இதில் நம்மை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. தமிழே அப்படித்தான் செய்திருக்கிறது. 'சிலந்தி' என்றால் எட்டுக்கால் ஜந்துவும்தான். உடம்பில் வரும் ஒரு வகைக் கட்டியும்தான். காலில் புண் வைத்து நூல் மாதிரி நீளமாக வெளியே வருமே ஒரு புழு, அதன் பெயர் நரம்புச் சிலந்தி. அதற்கும் சிலந்திக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கிணற்றுத் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் வடிகட்டாமல் குடித்ததால் வந்த புழு அது. 2000ல் இந்தியாவில் ஒழிந்தே போய்விட்டது. ஆனாலும் பெயர் என்னவோ சிலந்திதான்!

சரி, கணக்கைப் பைசல் பண்ணுவோம். முதலில் நம் வீட்டில் இருக்கிற எட்டுக்கால்கள் யார் யார் என்று பார்த்துவிடலாம்.

எங்கள் வீடு திருமுல்லைவாயல் பக்கம். ஏரி கூப்பிடு தூரம். பக்கத்தில் இரண்டு காலி மனைகள், அவற்றில் ஆளுயர முட்செடி. சாயங்காலம் ட்யூப் லைட்டைப் போட்டால் ஊரிலுள்ள அத்தனை பூச்சியும் வந்து ஆஜர் கொடுக்கும். பூச்சி இருக்கிற இடத்தில் சிலந்தியும் இருக்கும். அந்த வகையில் எங்கள் வீட்டில் வாடகை தராத குடித்தனக்காரர்கள் நான்கு பேர்.

முதல் குடித்தனம், பாத்ரூம் சுவரில் உள்ளங்கை அகலத்துக்குக் காலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிற ஆசாமி.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! நண்டு மாதிரி ஒண்ணு!" என்று என் மனைவி போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரரும் சேர்ந்து ஓடி வந்துவிட்டார். நண்டு மாதிரி என்பது சரியான வர்ணனை. தட்டையான உடம்பு, பக்கவாட்டில் விரிந்த கால், வலை பின்னுகிற வழக்கமே இல்லை. ராத்திரி ரவுண்டு போய்க் கரப்பான்பூச்சியைப் பிடித்துத் தின்பதுதான் தொழில். பெண் சிலந்தி வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லை மாதிரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு திரியும். அது முட்டைப் பை. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், வலிக்கும். அதோடு சரி. பார்த்தால் எமன் மாதிரி இருக்கும் இவர்தான் உண்மையில் வீட்டின் கூர்க்கா.

"அடிக்காதேடா. கோச்செங்கட்சோழனே போன ஜென்மத்துல சிலந்திதான்" என்றாள் அம்மா. திருவானைக்காவில் லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலை பின்னிய சிலந்தி, யானையோடு சண்டை போட்டு உயிரை விட்டு, மறுபிறவியில் சோழ ராஜாவாகப் பிறந்து, யானை நுழைய முடியாத மாடக்கோயில்களாகக் கட்டித் தள்ளிய கதை. துடைப்பத்தை ஓங்கியிருந்த என் மனைவி, "ராஜாவா இருந்தா அரண்மனைக்குப் போகட்டும், என் பாத்ரூம்ல என்ன வேலை?" என்றாள். நியாயமான கேள்வி.

இரண்டாவது குடித்தனம், மூலையில் ஒட்டடையோடு தொங்குகிற ஒல்லிப்பிச்சான். நூல் நூலாய் நீளக் கால்கள். ஒட்டடைக் கம்பால் லேசாகத் தொட்டால் உடம்பு மொத்தமும் தந்தி அடிக்கிற மாதிரி அதிரும். உலகத்திலேயே கொடிய விஷம் இதற்குத்தான், கடிக்கத்தான் பல் எட்டவில்லை என்று ஒரு கதை பல நாடுகளில் உலவுகிறது. 2004ல் அமெரிக்காவில் ஒரு டிவி நிகழ்ச்சிக்காக ஒருவர் கண்ணாடிக் குழாய்க்குள் கையை விட்டு இவற்றிடம் கடி வாங்கிக் காட்டினார். லேசான சுருக். அவ்வளவுதான். இவர் சாப்பிடுவது கொசுவையும், சமயத்தில் மற்ற சிலந்திகளையும்.

மூன்றாமவர் குதிக்கும் குள்ளர். ஜன்னல் கம்பியில், டிவி பெட்டியின் மேல், சுவர்க் கடிகாரத்தில் எல்லாம் இருப்பார். சின்ன உருவம். நாம் நகர்ந்தால் சட்டென்று திரும்பி, முன்பக்கத்து இரண்டு பெரிய கண்களால் உற்றுப் பார்ப்பார். (மொத்தம் எட்டுக் கண்!) ஈயைக் கண்டால் புலி மாதிரி பதுங்கி ஒரே பாய்ச்சல். என் பையன் ஹோம் ஒர்க்கைவிட இதைத்தான் அதிக நேரம் பார்க்கிறான்.

நான்காமவர் வெளிப்பக்கம், முருங்கைக்கும் மதில் சுவருக்கும் நடுவில். வட்ட வலை. நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி மாதிரி ஒரு கையெழுத்து. அதன் மேல் கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு தலைகீழாகத் தவம். மஞ்சள் பட்டையெல்லாம் போட்டுப் பார்க்க மிரட்டலாக இருப்பார். நம்மை ஒன்றும் செய்ய மாட்டார்.

"அப்ப விஷச் சிலந்தியே கிடையாதா?" என்று கேட்பீர்கள். உண்டு.

2022 ஏப்ரலில் உலகச் சிலந்திப் பட்டியலில் 50,000ஆவது இனம் பதிவானது. ஏறக்குறைய எல்லாவற்றுக்குமே விஷம் உண்டு. ஆனால் அது ஈயையும் கொசுவையும் படுக்க வைக்கிற அளவு விஷம். மனிதனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடிய வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் மிகப் பெயர் போனது சிட்னி பக்கத்துப் புனல்வலைச் சிலந்தி. அதற்கும் 1981ல் விஷமுறிவு மருந்து வந்த பிறகு ஒரு சாவுகூட இல்லை.

நம் நாட்டில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று 'விதவைச் சிலந்தி' குடும்பம். (பெயர் வைத்தவர்களுக்கு நாகரிகம் போதாது.) இந்தியாவிலும் சில பகுதிகளில் பதிவாகியிருக்கிறது. பட்டாணி மாதிரி உருண்ட வயிறு. கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். வயிற்றின் அடிப்பக்கத்தில் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ உடுக்கை வடிவத்தில் ஒரு குறி. வட்ட வலை கிடையாது. தரைக்குப் பக்கத்தில், அடுக்கி வைத்த செங்கல், கவிழ்த்த பூந்தொட்டி, பழைய டயர் மாதிரி இடங்களில் ஒழுங்கில்லாத சிக்கு வலை. தானாக வந்து கடிக்காது. நாம் கையை விட்டால்தான். கடித்தால் வலி பரவும், தசை பிடித்து இழுக்கும், வியர்த்துக் கொட்டும். நேரே ஆஸ்பத்திரிதான்.

இன்னொன்று ரோமம் அடர்ந்த பெரிய மரச்சிலந்தி. காடு, தோப்புகளில் மரப்பொந்துக்குள் குடியிருப்பது. கடித்தால் கடுமையான வலி, நாள் கணக்கில் தசைப்பிடிப்பு. ஆனால் இதனால் யாரும் செத்ததாகப் பதிவில்லை. ராமேஸ்வரத்தில் கண்டுபிடித்து, அங்குள்ள ஓர் அனுமன் கோயிலின் பெயரையே சூட்டி, 2004ல் உலகுக்கு அறிவித்த ஓர் இனம் இந்தக் குடும்பம்தான். அழிவின் விளிம்பில் இருக்கிறது. அதைப் பார்த்து நாம் பயப்படுவதைவிட நம்மைப் பார்த்து அது பயப்படுவதில்தான் அர்த்தம் அதிகம்.

ஆக, சிலந்தியைப் பார்த்தால் மூன்று கேள்வி போதும். எங்கே இருக்கிறது? வலை எப்படி? வயிறு எப்படி? வீட்டுக்குள் சுவரில் நடந்தாலோ, குதித்தாலோ, மூலையில் ஒட்டடையில் தொங்கி ஆடினாலோ விட்டுவிடலாம். வெளியே, தரையோரம், சிக்கு வலை, உருண்டை வயிறு என்றால் கையை எடுத்துவிட வேண்டும். நிறமும் சைஸும் நம்மை ஏமாற்றும். பெரிதாக இருப்பதெல்லாம் பொல்லாதது என்றால், யானையைவிடக் கொசுவுக்குத்தான் நாம் கும்பிடு போட வேண்டும்.

வாட்ஸப்பில் வருகிற படங்களை வைத்து அடையாளம் காணவே கூடாது. 1999ல் அமெரிக்காவில் ஓர் இ-மெயில் கிளம்பியது. ரெஸ்டாரன்ட் டாய்லெட் சீட்டுக்கு அடியில் தென்அமெரிக்கச் சிலந்தி ஒளிந்திருந்து கடித்துப் பெண்கள் இறந்தார்கள் என்று. அந்தச் சிலந்திக்குக் கொடுத்திருந்த லத்தீன் பெயரைத் தமிழில் சொன்னால் 'பிருஷ்டச் சிலந்தி' என்று வரும். அப்படியும் நம்பினார்கள்! 2002ல் அதே கதை ஃப்ளோரிடாவுக்கு இடம் மாறியது. இந்தத் தடவை குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது நம் ஆசியாக் கண்டத்தில், இந்தியா உட்பட, இலைகளின் மேல் குதித்துக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவிக் குதிக்கும் சிலந்தியை. அது ஃப்ளோரிடாவைக் கனவில்கூடப் பார்த்ததில்லை.

இனி சஸ்பென்ஸ் அக்கவுண்டைத் திறப்போம். ஒவ்வொரு என்ட்ரியாக உரிய தலைப்புக்கு மாற்ற வேண்டும்.

கன்னத்திலோ கழுத்திலோ கோடு இழுத்த மாதிரி எரிந்து கொப்புளிக்கிறதே, அது பெரும்பாலும் ஒரு வண்டு. எறும்பு மாதிரி ஒல்லியாக, ஆரஞ்சும் கறுப்புமாக இருக்கும். சிலர் ஆசிட் பூச்சி என்கிறார்கள். மழைக்காலத்தில் லைட்டுக்கு வரும். கடிப்பதில்லை, கொட்டுவதில்லை. மேலே உட்கார்ந்ததைப் பட்டென்று அடித்துத் தேய்க்கிறோமே, அப்போது அதன் உடம்புச் சாறு தோலைப் பொசுக்கும். அதுவும் ஒரு நாள் கழித்துத்தான் தெரியும். அதற்குள் வண்டு போயிருக்கும், சுவரில் சிலந்தி இருக்கும். பழி யார் மேல்? பூச்சி உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். பட்டுவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இடுப்பிலோ முதுகிலோ ஒரே பக்கமாக, பட்டை கட்டின மாதிரி கொப்புளம், தாங்க முடியாத எரிச்சல். இது அக்கி. சின்ன வயதில் வந்த அம்மை, கிருமியாக நரம்பில் பதுங்கியிருந்து வருஷங்கள் கழித்துத் தலைகாட்டுவது. குயவர் வீட்டில் செங்காவியைக் குழைத்து அக்கி எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். எழுதிக்கொள்வதைப் பற்றி நான் சண்டைக்கு வரவில்லை. ஆனால் கொப்புளம் கிளம்பி மூன்று நாளைக்குள் டாக்டரிடம் போனால் மாத்திரை நன்றாக வேலை செய்யும். நெற்றியிலோ கண்ணோரத்திலோ வந்தால் பார்வைக்கே ஆபத்து. 'பூச்சிக்கடிதானே' என்று ஒரு வாரம் உட்கார்ந்திருக்கக் கூடாது.

காலில் பழுத்துக்கொண்டே போகிற கட்டி? ஷுகர் டெஸ்ட் எடுத்து எத்தனை நாளாயிற்று என்று முதலில் யோசியுங்கள்.

கடைசி என்ட்ரி அந்தச் சின்னப் புள்ளி. புரொபசர் சொன்ன திருடன் ஒளிந்திருப்பது இங்கேதான்.

என் பெரியப்பா ஆவடி டாங்கி ஃபாக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழை. கரண்ட் இல்லை. புழுக்கத்துக்கு ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். ராத்திரி இரண்டரை மணிக்கு வயிற்று வலி என்று எழுந்து உட்கார்ந்தார். முழங்கைக்குக் கீழே கொசு கடித்த மாதிரி ஒரு புள்ளி. வீக்கம் இல்லை, வலி இல்லை.

"எட்டுக்கால் பூச்சிதான். சாயங்காலம்கூட இதே சுவத்துல பார்த்தேன்" என்றாள் பெரியம்மா. புள்ளிக்குச் சுண்ணாம்பு, வயிற்றுக்கு இஞ்சிச் சாறு. கணக்கு டாலி!

நல்ல வேளை, மாடிப் போர்ஷனில் குடியிருந்த பெண் நர்ஸ். சத்தம் கேட்டு இறங்கி வந்தவள் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"பெரியவரே, கண்ணை நல்லாத் திறங்க."

"திறந்துதாம்மா இருக்கேன்" என்றார் அவர். இமை பாதிதான் மேலே போயிற்று. பேச்சும் குழறியது.

"அம்மா, இது பூச்சிக்கடி இல்ல. யாரும் பாயைத் தொடாதீங்க. 108க்கு போன் போடுங்க, உடனே!"

எனக்கு போன் வந்து நான் ஓடுவதற்குள் ஆம்புலன்ஸ் தெருமுனையில் நின்றது. ஆஸ்பத்திரி வாசலை அடையும்போது அவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விஷமுறிவு ஊசி, வென்டிலேட்டர், நான்கு நாள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்த நான்கு நாளை எழுத எனக்குத் தெம்பில்லை. ஐந்தாம் நாள் குழாயை எடுப்பதற்கு முன்னால், ஜாடை காட்டி பேப்பர் கேட்டு, கோணல் மாணலாக அவர் எழுதிய வார்த்தை: 'காப்பி'. பெரியம்மா அன்றைக்குத்தான் அழுதாள்.

கடித்தது கட்டுவிரியன். காலி மனைப் பக்கத்திலிருந்து வந்து, சுருட்டி வைத்த இன்னொரு பாய்க்குள் இருந்தது. அதன் கடி பெரும்பாலும் வலிக்காது. அடையாளமும் தெரியாது. தரையில் தூங்குகிறவர்களைத்தான் ராத்திரியில் அதிகம் கடிக்கிறது. வயிற்று வலி, இமை தொங்குவது, விழுங்க முடியாமல் போவது, கடைசியில் மூச்சு. ஊர்ப் பக்கம் இதற்கு எட்டடி விரியன் என்றும் பெயர். எட்டடியை எட்டுக்கால் கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்!

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்கிறது ஓர் ஆய்வு. வருஷத்துக்கு ஏறத்தாழ 58,000. தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் பாம்புக்கடியை, ஆஸ்பத்திரிகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தார்கள். சிலந்தி இந்தக் கணக்குக்குப் பக்கத்தில்கூட வராது.

சிலந்தி என்று பெரிய செய்தி வந்த இடத்தையும் பார்த்துவிடலாம். 2012 மே மாதம், அஸ்ஸாமில் சதியா என்கிற ஊர். கூட்டமாகச் சிலந்திகள் வந்து கடித்தன, 2 பேர் இறந்தார்கள் என்று உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. உள்ளே படித்தால், கடிபட்டவர்கள் முதலில் போனது மந்திரிப்பவர்களிடம். அவர்கள் ப்ளேடால் கீறி ரத்தத்தை வடித்திருக்கிறார்கள். சாவுக்குக் காரணம் விஷமா, வைத்தியமா என்பது கடைசி வரை நிரூபணமாகவில்லை. கீறுவது, கட்டுப் போடுவது, வாயால் உறிஞ்சுவது எதுவுமே வேண்டாம். எந்தக் கடிக்கும் வேண்டாம்.

தரையில் படுத்தால் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகிக்கொள்ளுங்கள். வெளியில் கழற்றிய ஷூவை உதறிப் போடுங்கள். செங்கல் அடுக்கில் வெறுங்கையை விடாதீர்கள். பாத்ரூம் ராஜா தொந்தரவாக இருந்தால் ஒரு டப்பாவைக் கவிழ்த்து, அடியில் அட்டையைச் செருகி, வெளியே கொண்டு விட்டுவிடலாம். என் மனைவி இப்போது அப்படித்தான் செய்கிறாள், "போய்யா சோழா!" என்று சொல்லிக்கொண்டே.

டாக்டரிடம் போகும்போது மட்டும் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்திருந்தாலொழிய, "எட்டுக்கால் பூச்சி கடிச்சிடுச்சு டாக்டர்" என்று ஆரம்பிக்காதீர்கள். "எது கடிச்சதுன்னு தெரியல. ராத்திரி தரையில படுத்திருந்தேன். வயிறு வலிக்குது" என்று சொல்லுங்கள். முதல் வாக்கியத்துக்கு அவர் தடவிக்கொள்ள ஆயின்ட்மென்ட் எழுதித் தருவார். இரண்டாவதுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, உங்கள் கண் இமையைத் தூக்கிப் பார்ப்பார்.